மீன்வாய்க்குப் போட்ட பூட்டு

பலவேசத்தை நான் உயிரோடு கடைசியாகப் பார்த்தது என் மகள் கல்யாணத்தன்று, மண்டபத்துப் பின்வாசலில். பலவேசம் என் மச்சினன். என் வீட்டுக்காரிக்கு ஒரே தம்பி. தாய்மாமன் சீர்த்தட்டுகளைக் கொண்டுவந்து மேடையில் இறக்கினான். மகளுக்கு மாலை போட்டான், நெற்றியில் திருநீறு பூசினான். முறை ஒன்றையும் விடவில்லை. பந்தி நடந்துகொண்டிருந்தது. நானே போய்க் கூப்பிட்டேன்.

"மாப்ள, சாப்பிட வா."

"இருக்கட்டும் அத்தான். பஸ் போயிரும்."

அவ்வளவுதான். தாய்மாமன் கை நனைக்காமல் போனால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை அம்மா. நீங்களும் இந்தப் பக்கத்துப் பெண்தானே.

பின்வாசலில் அவன் அக்காள் நின்றாள். ஈர வைக்கோலில் சுற்றிய ஏதோ ஒன்றை அவள் கையில் கொடுத்தான். ஏதோ சொன்னான். அவள் தலையாட்டினாள். நான் சாம்பார் அண்டாப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோட்டுக்கு நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

இன்னொன்று. சீர்த்தட்டில் அவன் வைத்திருந்தது கடை வெற்றிலை. பெரிய இலை, கரும்பச்சை, முரட்டு இலை. பரம்பரையாக வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறவன். அவன் தோட்டத்து இலை சின்னது, வெளிர்நிறம், வாயில் போட்டால் கரையும். எனக்குத் தெரியாதா? அக்காள் மகள் கல்யாணத்துக்குக் கடையில் வாங்கின வெற்றிலை! அதைவிட ஒருவனை எப்படி அவமானப்படுத்த முடியும்?

உட்காருங்கள். அந்த நாற்காலியில் வேண்டாம், கால் ஆடும். மின்விசிறியை உங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள்.

ஆற்றுத் தண்ணீரை எல்லாருக்கும் பங்குவைத்துப் புதுத் திட்டம் போடப்போகிறீர்கள் என்றீர்கள். வயலுக்கு இவ்வளவு, டவுன் குடிதண்ணீருக்கு இவ்வளவு, கம்பெனிகளுக்கு இவ்வளவு, ஆற்றுக்கும் இவ்வளவு. ஆற்றுக்கே ஒரு பங்கு என்று நீங்கள் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது, தப்பாக நினைக்காதீர்கள். எங்களுக்கு அது பழசு. எங்கள் அணையில் இருக்கிற மீன்வாய்க் கதவில் ஏன் இவ்வளவு பெரிய பூட்டு தொங்குகிறது, புதுத் திட்டத்தில் அது வேண்டுமா வேண்டாமா என்று கேட்டீர்கள். எங்கள் வாய்க்கால் சார்பில் சொல்கிறேன். வேண்டாம். பூட்டை எடுத்துவிடுங்கள். எழுதிக்கொண்டீர்களா?

ஏன் என்றும் சொல்ல வேண்டும், இல்லையா.

இங்கே சிமெண்ட் அணை வருவதற்கு முன்னால் கொரம்புதான். நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆற்றில் தண்ணீர் குறைந்ததும் குறுக்கே கம்புகளை நட்டு, தழையும் வைக்கோலும் மணலும் போட்டு ஒரு கரை கட்டுவோம். தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்குள் திரும்பும். வெள்ளம் வந்தால் கரை அதுபாட்டுக்குப் போய்விடும். அடுத்த வருஷம் மறுபடியும் கட்டுவோம். கட்டும்போது நடுவில் ஒரு இடைவெளி விட வேண்டும். அதுதான் மீன்வாய். மீன் மேலே ஏறுவதற்கு, தண்ணீர் கீழே போவதற்கு. கீழே என்றால் கடலோரத்தில் புன்னைப்பொழி. பொழி என்றால் ஆறு கடலில் சேருகிற இடம். அந்த ஊருக்குக் குடிக்கவும் கொடிக்காலுக்கும் அந்தத் தண்ணீர்தான்.

மீன்வாயின் அகலத்தைக் கோலால் அளக்க மாட்டோம், கயிறு பிடிக்க மாட்டோம். புன்னைப்பொழியில் பெண் எடுத்தவன் ஒருவன் ஆற்றில் இறங்கி இரண்டு கையையும் விரித்து நிற்க வேண்டும். இந்த விரல்நுனி முதல் அந்த விரல்நுனி வரை மீன்வாய். ஏன் அவனை நிறுத்துகிறார்கள்? மாமியார் வீட்டுத் தண்ணீரை எந்த மாப்பிள்ளை குறைப்பான் என்றுதான். அதனால் புன்னைப்பொழிக்காரர்கள் மாப்பிள்ளை பார்க்க வந்தால் முகத்துக்கு முன்னால் கையைத்தான் பார்ப்பார்கள் என்று ஒரு கேலி உண்டு. என்னைப் பார்க்க வந்த அன்று என் மாமனாரோடு வந்த ஒரு பெரியவர், "பையன் கட்டைதான். ஆனா கை பரவாயில்லை" என்றார். என் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப கையை மட்டும் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

என் வீட்டுக்காரி பேர் பிரம்மசக்தி. பிரமு என்று கூப்பிடுவோம். அவளைக் கட்டிய வருஷம் ஆனி மாதத்தில் நான் ஆற்றில் இறங்கி நின்றேன். இடுப்புவரை தண்ணீர். இரண்டு பக்கமும் ஆட்கள் தழையை அமுக்குகிறார்கள். பலவேசம் அப்போது கல்யாணமாகாத இளந்தாரி. கரையில் நின்று கத்தினான்.

"அத்தான், விரலை மடக்காதீய! அதுல எங்க கொடிக்கால் ரெண்டு வரிசை போயிரும்!"

ஆற்றுக்குள் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விரலை நீட்டினேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் நான்தான் நின்றேன். ஒவ்வொரு வருஷமும் அவன் வந்து அதையேதான் கத்தினான். ஒரு வருஷம் காய்ச்சலில் அவன் வரவில்லை. விரலை நீட்டச் சொல்லி ஆளில்லாமல் எனக்கே ஒரு மாதிரி இருந்தது. அப்படி இருந்தோம். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பின்னால் அவன் செய்ததை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்றுதான்.

பிறகு அணை கட்டினார்கள். இரண்டு ஊரையும் அணைக்கரை மருதமரத்தடிக்கு இன்ஜினியர் வரச்சொன்னார். நல்ல மனுஷர். மீன்வாய் இருக்கட்டும், சின்னக் கதவாக வைத்துவிடலாம், மழை வெள்ளம் வந்தால் இறக்கிக்கொள்ளலாம், மற்றபடி எப்போதும் திறந்தே இருக்கும் என்றார். அகலம் எவ்வளவு என்று சண்டை வந்தது. எங்கள் வாய்க்கால் சங்கத் தலைவர் கோமதிநாயகம் ஒன்று சொல்ல, அவர்கள் ஒன்று சொல்ல, இன்ஜினியர் மூன்றாவதாக ஒன்று சொல்ல, வெயில் ஏறிவிட்டது. பலவேசம்தான் எழுந்தான்.

"எதுக்குச் சண்டை? எங்க அத்தானை நிக்கச் சொல்லுங்க. அதான் அளவு."

காய்ந்த மணலில் நான் கையை விரித்து நின்றேன். இன்ஜினியரின் ஆள் டேப் பிடித்தான். பலவேசம் பக்கத்தில் வந்து என் காதில், "விரலு" என்றான். நீட்டினேன். அதனால்தான் அந்தக் கதவு ஒரு ரெண்டுங்கெட்டான் அகலம். இந்த அளவு எங்கிருந்து வந்தது என்று உங்கள் ஆபீசில் யாருக்கும் தெரியவில்லை என்றீர்களே. இங்கிருந்துதான் வந்தது. இந்தக் கையிலிருந்து.

அடுத்தது கதவு யார் பொறுப்பு என்ற கேள்வி. அணை எங்கள் ஊரில் இருக்கிறது. புன்னைப்பொழிக்காரர்கள், கதவை யாரும் இறக்கிவிடாதபடி பூட்டு வேண்டும், சாவி எங்களிடம் வேண்டும் என்றார்கள்.

"பூட்டு எதுக்குவே? ஆத்தை எவனும் தூக்கிட்டுப் போயிருவானா?" என்றான் கோமதிநாயகம்.

அந்தப் பக்கமிருந்து ஒரு கிழவர், "ஆத்தைத் தூக்கமாட்டிய. தண்ணியத் தூக்குவிய" என்றார்.

பலவேசம் அவர்கள் பக்கம் திரும்பினான். "பூட்டெல்லாம் வேண்டாம் பெரியப்பா. அத்தான் இருக்காக." சொந்த ஊர்க்காரர்களிடம் எனக்காகச் சொன்னான். பிறகு மடியிலிருந்து வெற்றிலை எடுத்தான், அவன் தோட்டத்து இலை. பாக்கு வைத்து என் கையில் கொடுத்தான். நான் வாங்கிக்கொண்டு எல்லார் முன்னாலும் சொன்னேன்: "இந்தக் கதவை நான் தொடமாட்டேன். யாரையும் தொட விடவும் மாட்டேன்."

கதவை. இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் அம்மா.

சில வருஷம் நன்றாகப் போனது. பிறகு அந்த வறட்சி வருஷம். மேலே பெரிய அணையில் தண்ணீர் இல்லை. கார் சாகுபடிக்கு நட்டிருந்தோம். ஆடியில் கதிர் வெளிவந்து பால் பிடிக்கிற நேரம். அப்போது தண்ணீர் இல்லையென்றால் வைக்கோல்தான் மிஞ்சும், அதுவும் அரைகுறை. வாய்க்காலில் கணுக்கால் அளவுக்கு ஓடுகிறது, கடைசி வயலுக்கு எட்டவில்லை. மீன்வாயில் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறது. வரப்பில் நின்றால் அந்தச் சத்தம் கேட்கும். மகளுக்கு வரன் பேசி முடித்திருக்கிறோம். தை மாதம் கல்யாணம். அந்த நெல்லை நம்பித்தான் தேதி வைத்தது.

கோமதிநாயகம் என் வயலுக்கு வந்தான்.

"என்னவே, சத்தத்தைக் கேட்டுக்கிட்டே நிக்கீரு?"

"என்ன செய்யச் சொல்லுதீரு? கதவைத் தொடமாட்டேன்னு வெத்தலை வாங்கியிருக்கேன்."

"கதவை யாரு தொடச் சொன்னா?"

அவன் பேசத் தெரிந்தவன். நானும் யோசித்துப் பார்த்தேன். நான் கொடுத்த வாக்கு கதவைப் பற்றியது.

அம்மன் கொடை நடந்துகொண்டிருந்தது. மத்தியானம் ஊர் முழுக்கக் கோயிலில். நையாண்டி மேளம் ஆறுவரைக்கும் கேட்கிறது. நானும் அவனும் இன்னும் இரண்டு பேரும் உரச்சாக்குகளில் மணல் நிரப்பி, கதவுக்கு முன்னால் ஆற்றுக்குள் அடுக்கினோம். ஒளிந்து மறைந்து செய்யவில்லை, பட்டப்பகல். சாக்குகள் சரிந்தன. நான் தண்ணீருக்குள் இறங்கி, முதுகைக் கதவுப் பக்கம் வைத்துக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து அவற்றைத் தாங்கிப் பிடித்தேன். கோமதிநாயகம் இடுக்குகளில் களிமண்ணை அப்பினான். சத்தம் நின்றது. கதவை யாரும் தொடவில்லை. அது திறந்தேதான் இருந்தது. இன்றைக்கும் எந்தக் கோயிலிலும் வந்து சொல்வேன், கதவு திறந்தேதான் இருந்தது. அதற்கு முன்னால் ஆற்றில் சாக்கு கிடந்தது. ஆற்றில் என்னென்னவோ கிடக்கும்.

ஒன்றிரண்டு நாளில் எடுத்துவிடலாம் என்றுதான் பேச்சு. கடைசி வயல் நனைந்ததும் எடுத்துவிடலாம். கடைசி வயல் நனைந்தபோது முதல் வயல் காய்ந்திருந்தது. வயல் என்றால் அப்படித்தானே.

இதற்கிடையில் ஆடி அமாவாசை வந்தது. அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க ஆற்றுக்குப் போனேன். வருஷம் தவறாமல் அணைக்குக் கீழேதான் முங்குவேன். அன்றைக்கு முங்கத் தண்ணீர் இல்லை. பாறையிடுக்கில் குட்டை குட்டையாக நின்றது. அப்படியொரு வறட்சி. வேறு வழியில்லாமல் வாய்க்காலில் போய் முங்கினேன். வாய்க்காலில் நெஞ்சளவு ஓடியது.

வீட்டுக்கு வந்தால் பிரமு ஈரச் சேலையோடு வாசலில் நிற்கிறாள். கையில் குடம்.

"எங்க போயிட்டு வார?"

"அணைக்குக் கீழ மீனு துடிக்கு. அள்ளி அள்ளி வாய்க்கால்ல விட்டேன். முடியல. நெறைய செத்துட்டு."

"உனக்கு எதுக்கு இந்த வேலை?"

"மீன்வாயில சாக்கு கெடக்கு."

"கெடக்கட்டும்."

அவள் குடத்தை இறக்கி வைத்தாள். "இன்னைக்கு அமாவாசை" என்றாள்.

"தெரியும். இப்பத்தானே எள்ளு எறச்சிட்டு வாரேன்."

இலை போட்டாள், விரதச் சாப்பாடு. வாழைக்காய், அவியல், பாயசம், எல்லாம் செய்திருந்தாள். நான் சாப்பிட்டேன். சாயங்காலம் பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். புன்னைப்பொழி பஸ் கண்டக்டரிடம் தம்பி வீட்டுக்கு முருங்கைக்காய், கீரை என்று ஏதாவது கொடுத்துவிடுவாள், கூடவே இரண்டு வார்த்தை சொல்லியும் விடுவாள். எப்போதும் உள்ளதுதான்.

அமாவாசையன்று கடல் பொழிக்குள் ஏறும். மேலேயிருந்து ஆற்றுத் தண்ணீர் எதிர்த்து வந்தால் அங்கேயே நிற்கும். வராவிட்டால் ஏறிக்கொண்டே வரும். புன்னைப்பொழியில் பிறந்த யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டாம். எனக்கும் தெரியும், மாமியார் வீடு ஆயிற்றே. ஆனால் அந்த வருஷம் அவ்வளவு தூரம் ஏறும் என்று யார் கண்டது? ஆற்றுக்கு என்னைக் கேள்வி கேட்கலாம். கடலுக்கு யார் பதில் சொல்ல?

மறுநாள் காலையில் பலவேசம் வந்துவிட்டான். அவன் ஊர்க்காரர்கள் ஒரு வேன் நிறைய. இன்ஜினியரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். எங்கள் ஊரும் அணையில் கூடிவிட்டது. பலவேசம் யாரிடமும் பேசாமல் நேராக இறங்கி, சாக்குகள் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தான். ஒரு சாக்கின் மேல் கையை வைத்தான். குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல வைத்துக்கொண்டே இருந்தான்.

"யார் போட்டது?" என்று இன்ஜினியர் கேட்டார். கோமதிநாயகம் ஆகாயத்தைப் பார்த்தான்.

இன்ஜினியர் பலவேசத்திடம், "உங்க அத்தான் பொறுப்புன்னு நீங்கதானே அன்னைக்குச் சொன்னீங்க?" என்றார்.

எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். நான்தான் முந்திக்கொண்டு கேட்டேன். "ஏன் மாப்ள? என்னை நம்பலையா?"

அவன் எழுந்து வந்தான். எனக்கு எதிரில் நின்றான்.

"அத்தான், கையை விரிங்க."

"என்னது?"

"சும்மா விரிங்க. பாப்போம்."

இரண்டு ஊரும் நிற்கிறது. இன்ஜினியர் நிற்கிறார். அத்தனை பேர் முன்னால் என்னைக் கோமாளி ஆக்கப் பார்த்தான். நான் விரிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டேன்.

அவன் இன்ஜினியர் பக்கம் திரும்பினான். "யாரு போட்டாங்கன்னு நான் கேக்கல சார். எனக்கு யார் மேலயும் கேசு வேண்டாம். அந்தக் கதவுக்கு ஒரு பூட்டுப் போடுங்க. அதுக்கு முன்னால மீனு நுழையுத அளவுக்கு ஒரு கம்பி வலையும் போட்டு, அதையும் சேத்துப் பூட்டுங்க. சாவி எங்க ஊர்ல இருக்கட்டும்."

பார்த்தீர்களா? என் பேரைச் சொல்லவே இல்லை. 'அத்தான்தான் போட்டாரு' என்று சொல்லியிருந்தால் நான் நாலு பதில் சொல்லியிருப்பேன். கதவு திறந்திருக்கிறது பார் என்று காட்டியிருப்பேன். பயிரைக் காட்டியிருப்பேன். மகள் கல்யாணத்தைச் சொல்லியிருப்பேன். ஒன்றுக்கும் வழி வைக்கவில்லை. பூட்டு வேண்டாம், அத்தான் இருக்காக என்று சொன்ன அதே வாய், பூட்டுப் போடுங்க என்றது. அதற்கு என்ன பேர் வைப்பீர்கள்? நான் துரோகம் என்று வைத்திருக்கிறேன்.

பூட்டு வந்தது. நீங்கள் பார்த்தீர்களே, அதுதான். ஆற்றில் குளிக்கப் போகிற ஒவ்வொருவனும் அதைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பான். வெளியூர்க்காரன் எவனாவது ஏன் பூட்டு என்று கேட்டால் என் வீட்டைக் காட்டுவார்கள். கதவின் அகலம் என் கை அகலம்; பூட்டும் எனக்குத்தான் போட்டது.

யார் போய்ச் சொன்னது என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. கோமதிநாயகமாகத்தான் இருக்கும். தான் தப்பித்துக்கொள்ள முன்கூட்டியே போய் ஓதியிருப்பான். அன்றிலிருந்து அவனோடு பேச்சில்லை. பக்கத்துப் பக்கத்து வயல், வரப்பில் எதிரே வந்தால் நான் இறங்கிக்கொள்வேன். பிரமுவிடமும் கேட்டேன், "உன் தம்பிக்கு யாரு சொல்லியிருப்பா?" என்று. அவள் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"தண்ணி வரலைன்னா தெரியாதா? ஒருத்தர் சொல்லணுமா?"

அதுவும் சரிதான். ஆனாலும் சாக்கு என்று எப்படிச் சரியாகத் தெரிந்து வந்தான்? அதைக் கேட்டதற்கு அவள் அடுத்த காம்பைக் கிள்ளினாள். அவளுக்கு மட்டும் எப்படித் தெரியும், பாவம்.

நெல் பிழைத்தது. பொய் சொல்லக் கூடாது, நல்ல விளைச்சல். தை மாதம் குறித்த தேதியில் கல்யாணம் நடந்தது.

அவன் கொடிக்கால் கருகிப்போனது என்பதும் உண்மைதான். அமாவாசையன்று ஏறின உப்புத் தண்ணீர் கிணறுகளுக்குள் வந்துவிட்டது. வெற்றிலைக் கொடி பச்சைப்பிள்ளை மாதிரி, தினமும் நல்ல தண்ணீர் கேட்கும். ஒரு வேளை மாறினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பிரமு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "அகத்தி மரமெல்லாம் பச்சையா நிக்கு. அதுல ஏறின கொடி மட்டும் கறுத்துத் தொங்குது" என்றாள். கொடி படர்வதற்கு அகத்தியைத்தான் நடுவார்கள். அதற்கு உப்பு தாங்கும் போலிருக்கிறது. பூட்டுப் போட்ட பிறகு தண்ணீர் ஒழுங்காகத்தான் போனது, ஆனால் உப்பு ஏறின மண்ணும் கிணறும் பொழியும் அவ்வளவு சீக்கிரம் திரும்புமா? பலவேசம் இரண்டு தரம் புதுக்கொடி நட்டான் என்றார்கள். வரவில்லை. பிறகு உப்பளத்துக்குக் கூலிக்குப் போனான்.

இருந்தாலும் நான் கேட்கிறேன், முழுத் தோட்டமும் ஒரே நாளிலா சாகும்? அக்காள் மகள் சீர்த்தட்டுக்கு ஒரு கவுளி தேறாதா? நூறு இலை! மனசிருந்தால் தேறும். கடையில் வாங்கினான் பாருங்கள், அதை என்னால் மறக்க முடியவில்லை.

அவன் செத்தது கோடையில். உப்பளத்திலேயே மயங்கி விழுந்தான், எழுந்திருக்கவில்லை. கோடித் துணி எடுத்துக்கொண்டு நானும் பிரமுவும் போனோம். நான் எதையும் மனசில் வைத்துக்கொள்ளவில்லை, அத்தான் முறைக்கு எல்லாம் செய்தேன். நீர்மாலைக்குக் கிளம்பினார்கள். பிணத்தைக் குளிப்பாட்ட, உறவுமுறையெல்லாம் கொட்டோடு ஆற்றுக்குப் போய்க் குடத்தில் தண்ணீர் எடுத்து வருவோமே, அதற்கு. நானும் ஒரு குடத்தை வாங்கிக்கொண்டு ஆற்றுப் பக்கம் திரும்பினேன். யாரும் என் பின்னால் வரவில்லை. கொட்டுக்காரர்கள் தெருமுனைக்குப் போகிறார்கள். அங்கே தண்ணீர் லாரி நிற்கிறது. லாரிக் குழாயில் ஒவ்வொருவராகக் குடத்தைப் பிடிக்கிறார்கள். ஆற்றங்கரையில் பிறந்தவனுக்கு லாரித் தண்ணீரில் நீர்மாலை. ஊர் நிர்வாகம் அவ்வளவு மோசம். நான் அப்போதே பிரமுவிடம் சொன்னேன், "என்ன ஊர் இது?" என்று. அவள் என்னைப் பார்த்தாள். அழுதுகொண்டிருந்தவள் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். எதற்கு அப்படிப் பார்த்தாள் என்று பிறகும் நான் கேட்கவில்லை.

அவளும் போய்விட்டாள். போன பிறகு வீட்டில் பேச ஆளில்லை, அதனால்தான் உங்களிடம் இவ்வளவு பேசுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். காப்பி ஆறிவிட்டது. வேறு போட்டுத் தரட்டுமா? நானே போட்டதுதான். டிகாக்ஷன் கொஞ்சம் கசப்பாக இருக்கும்.

வேண்டாமா, சரி.

பூட்டின் சாவியா? அது இப்போது பலவேசத்தின் மகனிடம் இருக்கிறது. கொத்தனார் வேலை பார்க்கிறான். வருஷத்துக்கு ஒருமுறை, ஆனி பிறந்ததும், பூட்டைத் திறந்து துருவைத் தட்டி எண்ணெய் விட வருவான். ஆள் அப்படியே அப்பனை உரித்து வைத்தவன். நான் அந்தச் சமயத்தில் அணைப் பக்கம் போய் நிற்பேன். போன தடவை, "மாமா, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டான். நல்லா இருக்கேன் என்றேன். வீட்டுக்கு வா என்று கூப்பிடவில்லை. அவன் அப்பன் கை நனைக்காமல் போன வீடு. இவன் வந்து அவனும் வேண்டாமென்று சொல்லிவிட்டால்? அவன் எண்ணெய் விட்டான், பூட்டினான், இழுத்துப் பார்த்தான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பைக்கில் ஏறும்போது கையைத் தூக்கிக் காட்டினான்.

நீங்கள் பூட்டை எடுத்துவிட்டால் அவன் இங்கே எதற்கு வரப்போகிறான்?

அம்மா, முதலில் ஒன்று எழுதச் சொன்னேனே. பூட்டு வேண்டாம் என்று. அதை அடித்துவிடுங்கள். இல்லை, வேறொன்றும் எழுத வேண்டாம், அடித்தால் போதும். பூட்டு அதுபாட்டுக்குத் தொங்கட்டும்.

வெயில் தாழ்ந்துவிட்டது, கிளம்புங்கள். கொல்லைப்புறமாகப் போனால் அணைக்குக் குறுக்குவழி. போகும்போது கிணற்றடியில் ஒரு அகத்தி நிற்கும், அதில் ஒரு வெற்றிலைக் கொடி ஏறியிருக்கும், தலையில் இடிக்காமல் குனிந்து போங்கள். பலவேசம் அன்றைக்கு ஈர வைக்கோலில் சுற்றி அக்காள் கையில் கொடுத்தது அதுதான். கருகின தோட்டத்தில் உயிரோடு மிஞ்சிய ஒரு துண்டு. கல்யாண வீட்டிலிருந்து வந்த அன்றைக்கே பிரமு நட்டுவிட்டாள். இங்கே நல்ல தண்ணீர், பிடித்துக்கொண்டது. இலை சின்னது, வெளிர்நிறம். காலையிலும் சாயங்காலமும் நான்தான் தண்ணீர் ஊற்றுகிறேன். இந்த வீட்டில் இப்போது வெற்றிலை போடுகிறவர்கள் யாரும் இல்லை.